பல்பு வெளிச்சத்தில் டேட்டா போவது எப்படி?

எரிந்துகொண்டிருக்கும் எல்இடி பல்பு ஒன்றை நொடிக்கு 10 லட்சம் தடவை அணைத்து அணைத்துப் போட்டால், அந்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாற்போல இருக்கும், அவ்வளவுதான். நம் கண்ணால் அத்தனை வேகத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. எரிந்ததையும் அணைந்ததையும் கலந்து ஒரே சீரான வெளிச்சமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் மேசைமேல் இருக்கும் சின்ன ஒளி உணரி ஒவ்வொரு எரிவையும் ஒவ்வொரு அணைவையும் தனித்தனியாகப் பார்த்துவிடும். எரிந்தால் 1, அணைந்தால் 0 என்று அனுப்புகிற பக்கமும் வாங்குகிற பக்கமும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் போதும். அந்த விளக்கு வெளிச்சமும் தரும், செய்தியும் அனுப்பும்.

கண்ணுறு ஒளித் தொடர்பு என்ற ஆராய்ச்சித் துறையின் அடிப்படை இதுதான். இதையே அகச்சிவப்பு ஒளியிலும் லேசர் கற்றையிலும் செய்யலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒளிவழிக் கம்பியில்லாத் தொடர்பு என்கிறார்கள். செய்தித்தாள்களில் அடிபடும் லைஃபை என்ற பெயர் இந்தக் குடும்பத்தில் ஒன்று.

இவ்வளவு எளிது என்றால் நம் வீட்டுக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கத் தோன்றும். சரியான கேள்வி. உண்மையில் இந்தத் துறையின் ஆராய்ச்சி முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஒளி எவ்வளவு வேகம் என்பதைப் பற்றி எத்தனை படித்தாலும் இந்தத் துறை புரியாது. ஒளி எங்கெங்கே தடுமாறுகிறது என்று பார்த்தால் சீக்கிரம் புரிந்துவிடும்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். ரேடியோ அலைகளுக்கென்று ஒதுக்கிய மொத்த அலைக்கற்றை 300 கிகாஹெர்ட்ஸ் வரைதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியோ ஏறத்தாழ 400-லிருந்து 790 டெராஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. ஒரு டெராஹெர்ட்ஸ் என்பது ஆயிரம் கிகாஹெர்ட்ஸ், கணக்குப் போட்டால் ஆயிரம் மடங்குக்கு மேல் இடம். ஏலம் கிடையாது, உரிமம் கிடையாது. இந்த ஒப்பீட்டைப் பல கட்டுரைகளில் பார்க்கலாம். அதைப் படித்தவுடன் ஆயிரம் மடங்கு வேகம் கைக்கு வந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் எல்இடி விளக்கில் நாம் ஒளி அலையின் அதிர்வெண்ணையோ, அலை எந்த நிலையில் இருக்கிறது என்ற கட்டத்தையோ தொடுவதில்லை. வெளிச்சத்தைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம், அவ்வளவே. ஆகவே எல்லையைத் தீர்மானிப்பது எல்இடி எவ்வளவு வேகமாகக் கூடிக் குறையும் என்பதும், வாங்கும் முனையில் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பதும்தான். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

பெல்லின் சூரிய ஒளி

ஒளியில் பேச்சை அனுப்பும் முயற்சி ரேடியோவை விடப் பழையது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், தன் உதவியாளர் சார்லஸ் சம்னர் டெய்ன்டருடன் சேர்ந்து 1880-ல் போட்டோபோன் என்ற கருவியைச் செய்தார். வாஷிங்டனில் ஃபிராங்க்ளின் பள்ளியின் கூரைமேல் டெய்ன்டர் நின்றார். 213 மீட்டர் தள்ளி, தன் ஆய்வுக்கூடத்தில் பெல் காத்திருந்தார். டெய்ன்டர் பேசப் பேச, குரலின் அதிர்வில் மெல்லிய கண்ணாடி ஒன்று அசைந்தது. அதில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி கூடிக் குறைந்தது. அந்தப் பக்கம் செலினியம் என்ற பொருள் அந்த ஏற்ற இறக்கத்தை மின்னோட்டமாக மாற்றியது. பெல்லுக்குக் குரல் கேட்டது. சூரியக் கதிர் சிரிப்பதையும் இருமுவதையும் பாடுவதையும் கேட்டேன் என்று தன் தந்தைக்கு அவர் எழுதிய கடிதத்தில் எத்தனை பரவசம்! தொலைபேசியை விடப் போட்டோபோனே தன் பெரிய கண்டுபிடிப்பு என்று கடைசி வரை நினைத்தார்.

மேகம் மூடினால் போச்சு என்பதுதான் சிக்கல். அவர் கையில் நம்பகமான ஒளி மூலம் இல்லை. அதன்பின் பரவிய இழை பல்பாலும் பயனில்லை, இழையின் சூடு தணிந்து வெளிச்சம் குறைவதற்குள் எத்தனையோ பிட்டுகளை, அதாவது 1, 0 என்ற செய்தித் துணுக்குகளை, அனுப்பியிருக்கலாம்.

1979-ல் ஸூரிக்கில் இருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் கிஃபெல்லர், பாப்ஸ்ட் என்ற இருவர் அகச்சிவப்பு ஒளியைக் கூரையிலும் சுவரிலும் படவிட்டு, சிதறி வரும் ஒளியிலேயே ஓர் அறைக்குள் கம்பியில்லாத் தொடர்பை ஏற்படுத்தலாம் என்று காட்டினார்கள். நம் வீட்டு டிவி ரிமோட் அதே வகைதான். அதன் முனையில் இருக்கும் அகச்சிவப்பு எல்இடி பெரும்பாலும் நொடிக்கு 38,000 தடவை துடிக்கும். அந்தத் துடிப்புக் கொத்துகளின் நீளத்திலும் இடைவெளியிலும் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்ற செய்தி இருக்கிறது. ரிமோட்டை செல்போனின் முன்பக்கக் கேமரா எதிரே பிடித்து அழுத்திப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒளி, பல போன்களின் திரையில் வெளிர் ஊதாப் புள்ளியாக மின்னும்.

பெரிய திருப்பம் நீல எல்இடியால் வந்தது. சிவப்பும் பச்சையும் எப்போதோ வந்துவிட்டன. நீலம்தான் அகப்படாமல் இருந்தது. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவரும் 1990-களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல எல்இடியைச் சாத்தியமாக்கினார்கள். 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு இதற்குத்தான். நீலம் கிடைத்ததால் வெள்ளை எல்இடி கிடைத்தது. வெள்ளை எல்இடி கிடைத்ததால் உலகம் முழுக்கக் கூரைகளில் மின்னணு முறையில் வேகமாகத் துடிக்கக்கூடிய விளக்குகள் வந்துவிட்டன. இந்த விளக்குகளையே செய்தி அனுப்பும் கருவியாக்கலாமே என்று ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் மசாவோ நாககாவாவின் குழு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய ஆரம்பித்தது. இன்றும் இந்தத் துறைக்குள் வரும் மாணவர் முதலில் படிப்பது, 2004-ல் கோமினேயும் நாககாவாவும் எழுதிய ஆய்வுக் கட்டுரையைத்தான். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஹாஸ் 2011-ல் ஒரு மேடையில் மேசை விளக்கின் வெளிச்சத்தில் வீடியோ ஓட்டிக் காட்டி, லைஃபை என்று பெயரும் வைத்த பிறகு பொதுமக்கள் காதுக்கும் விஷயம் எட்டியது.

அந்த மஞ்சள் பூச்சு

கெட்டுப்போன எல்இடி பல்பு வீட்டில் இருந்தால் அதன் வெள்ளை மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள் இருக்கும். வெள்ளை வெளிச்சம் தரும் பல்புக்குள் ஏன் மஞ்சள்? அந்த மஞ்சளின் அடியில் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. மேலே பூசியிருப்பது பாஸ்பர். நீல ஒளியில் ஒரு பகுதியை இந்தப் பூச்சு விழுங்கிக்கொண்டு மஞ்சள் ஒளியாகத் திருப்பித் தரும். விழுங்காமல் விட்ட நீலமும் இந்த மஞ்சளும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை.

வெளிச்சத்துக்கு இது அருமையான ஏற்பாடு. செய்தித் தொடர்புக்கு இதுதான் முதல் முட்டுக்கட்டை. நீலச் சில்லு மின்சாரம் நின்றதும் சட்டென்று அணைந்துவிடும். பாஸ்பர் அப்படியில்லை. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூட்டை விடாமல் வைத்திருப்பதுபோல, நீலம் நின்ற பிறகும் மஞ்சள் ஒளி சிறிது நேரம் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறிது நேரம் சுமார் 70 நானோ நொடிதான், ஒரு நொடியின் நூறு கோடிப் பங்கில் 70 பங்கு. நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் நொடிக்கு 10 கோடி பிட் அனுப்ப நினைப்பவருக்கு ஒரு பிட்டின் நேரமே 10 நானோ நொடி. முந்தைய பிட்டின் மஞ்சள் மிச்சம் அடுத்தடுத்த பிட்டுகளின் மேல் வழிந்துவிடும். ஆகவே சாதாரண வெள்ளை எல்இடி சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது நொடிக்குச் சில பத்து லட்சம் தடவைக்கு மேல், சரியாகத் துடிக்காது.

இதைத் தாண்ட ஆராய்ச்சியாளர்கள் செய்தவை ஒவ்வொன்றும் ரசிக்கத்தக்கவை. எல்லாவற்றிலும் எளியது, வாங்கும் உணரியின் முன்னால் ஒரு நீல வடிகட்டியை வைப்பது. மந்தமான மஞ்சள் வெளியே நின்றுவிடும், சுறுசுறுப்பான நீலம் மட்டும் உள்ளே வரும். துடிப்பு எல்லை ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் வரை உயரும். ஆனால் வெளிச்சத்தின் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்துவிடுகிறோம், ஆகவே தூரம் குறையும். இன்னொரு வழி, வேகமான துடிப்புகளை அனுப்பும்போதே கூடுதல் அழுத்தம் கொடுத்து அனுப்புவது. விளக்கில் மங்கிப் போகும் அளவை முன்கூட்டியே ஈடுகட்டிவிடுகிறார்கள். மூன்றாவது, பாஸ்பரே வேண்டாம் என்று சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தனி எல்இடிகளைக் கலந்து வெள்ளை உண்டாக்குவது. ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொரு செய்தியை ஒரே நேரத்தில் அனுப்பலாம். விலை கூடும். மூன்றின் அளவும் சற்றுப் பிசகினால் அறையே ரோஸ் நிறமாகத் தெரியும், அதையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் மைக்ரோ எல்இடி. தலைமுடியின் தடிமனை ஒத்த, சில பத்து மைக்ரோமீட்டர் அகலமே உள்ள சில்லு. சிறியதாக இருப்பதால் மின்னூட்டம் தேங்குவதும் குறைவு, துடிப்பு வேகமும் அதிகம். பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இப்படி ஒரே ஒரு மைக்ரோ எல்இடியில் நொடிக்கு 3 கிகாபிட் அனுப்பிக் காட்டி 2014-ல் வெளியிட்டன. செய்தித்தாள்களில் வந்த வியப்பான எண்கள் இந்த மாதிரிச் சோதனைகளிலிருந்து வந்தவைதான். ஆனால் அந்தச் சோதனையில் அனுப்பும் இடத்துக்கும் வாங்கும் இடத்துக்கும் நடுவே இருந்த தூரம் சில சென்டிமீட்டர். அது ஏமாற்று இல்லை, துடிப்பு வேகத்தின் எல்லையைக் கண்டறிவதற்கான நேர்மையான சோதனை. இந்தத் துறையில் வேகத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் எவ்வளவு தூரத்தில், எந்த விளக்கில், எதிரே நேராக வைத்துப் பார்த்தார்களா என்று கேட்கப் பழகிவிட வேண்டும்.

வாங்கும் முனையின் கஷ்டம்

ஒளியைப் பிடித்து மின்னோட்டமாக்கும் சின்னச் சில்லுக்குப் போட்டோடயோடு என்று பெயர். இதைப் பெரிதாகச் செய்தால் அதிக ஒளி விழும். ஆனால் பெரிதாக ஆக ஆக அதில் மின்னூட்டம் தேங்கும் அளவு கூடி, வேகம் படுத்துவிடும். சிறிதாகச் செய்தால் வேகம் கிடைக்கும், ஒளி போதாது. சரி, சிறிய சில்லின் முன் பெரிய லென்ஸ் வைத்து ஒளியைக் குவிக்கலாமே என்றால், அந்த லென்ஸ் நேர் எதிரே இருப்பதை மட்டும்தான் பார்க்கும். கையில் இருக்கும் போன் கொஞ்சம் சாய்ந்தாலும் விளக்கு பார்வையை விட்டுப் போய்விடும். நிறைய ஒளி, பரந்த பார்வை, அதிக வேகம் மூன்றையும் ஒருசேரக் கொடுக்கும் உணரியைச் செய்வதில் பல ஆய்வுக்கூடங்கள் இன்றும் முட்டிக்கொண்டிருக்கின்றன.

தூரம் இன்னும் கொடுமை. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு விலகினால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்று பள்ளியில் படித்திருப்போம். போட்டோடயோடில் மின்னோட்டம் ஒளிக்கு நேர்விகிதம். ஆனால் மின் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இரண்டு மடங்கு தூரத்தில் கையில் கிடைக்கும் சமிக்ஞையின் திறன் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ரேடியோவில் இதே தூரத்துக்கு நான்கில் ஒரு பங்குதான். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டாலே, ஒளித் தொடர்பு ஏன் அறைக்கு அறை தனித்தனி விளக்குகளைக் கேட்கிறது என்று புரிந்துவிடும்.

பகல் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அலுவலக மேசைமேல் விளக்கு வெளிச்சம் 400, 500 லக்ஸ் இருக்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். சூரிய ஒளி துடிக்காமல் நிலையாக இருப்பதால் அதன் பங்கைச் சர்க்யூட்டில் கழித்துவிடலாம். ஆனால் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் இரைச்சலைக் கழிக்க முடியாது. ஒளி துகள் துகளாக வந்து விழுவதால் வரும் இரைச்சல் அது.

கையில் சாமான் இருப்பவர்கள் இதைக் காதாலேயே கேட்கலாம். சின்ன சோலார் தகடு ஒன்றின் இரண்டு வயரையும் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரின் ஆடியோ பின்னில் இணைத்து, தகட்டின் எதிரே டிவி ரிமோட்டை அழுத்தினால் ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வரும். அதையே சில மலிவான விளக்குகளின் கீழே கொண்டுபோனால் கம்மென்று ஒரு ரீங்காரம் கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு அதன் இரு மடங்கில் துடிக்கிறது. வெயிலில் காட்டினால் ஒன்றும் கேட்காது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைவிட நல்ல உருப்படி எனக்குத் தெரியவில்லை.

சுவர் விஷயத்துக்கு வருவோம். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போனாலும் ஒரு நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர்தான். விளக்கிலிருந்து நேராக வரும் ஒளியும், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி 3 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் ஒளியும் 10 நானோ நொடி இடைவெளியில் வந்து சேரும். நொடிக்கு 10 கோடி பிட் என்றால் அது சரியாக ஒரு பிட்டின் நேரம். போன பிட்டின் பிரதிபலிப்பு இந்தப் பிட்டோடு மோதும். ஆகவே சுவரின் நிறமும் மேசையின் இடமும்கூட இந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சமன்பாடுகளாக வந்து உட்கார்ந்திருக்கும்.

விளக்கு விளக்காகவும் இருக்க வேண்டும்

தொடர்ந்து ஆயிரக்கணக்கில் 0 அனுப்ப நேர்ந்தால் விளக்கு அணைந்தே இருக்கும். பிறகு தொடர்ந்து 1 வந்தால் முழுதாக எரியும். அறையில் இருப்பவருக்கு விளக்கு கண்சிமிட்டுவது தெரிந்துவிடும், தலைவலியும் வரும். இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. 1 என்பதை எரிந்து அணைவதாகவும், 0 என்பதை அணைந்து எரிவதாகவும் அனுப்ப வேண்டும். எந்தச் செய்தியாக இருந்தாலும் ஒவ்வொரு பிட்டிலும் பாதி நேரம் வெளிச்சம், பாதி நேரம் இருட்டு. சராசரி மாறவே மாறாது. இதற்கு மான்செஸ்டர் குறிமுறை என்று பெயர், பழைய ஈதர்நெட் கேபிள்களில் ஓடியதும் இதுதான். விலையாக வேகத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும். மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ 2011-ல் வெளியிட்ட 802.15.7 தரநிலை, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் 5 மில்லி நொடிக்குள் சராசரியாகிவிட வேண்டும் என்று விதித்து, இந்தக் குறிமுறையையும் உள்ளே எடுத்துக்கொண்டது. விளக்கை மங்கலாக வைக்கும்போது தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்கும் அதில் தனி ஏற்பாடு இருக்கிறது.

இதைவிட வேகம் வேண்டும் என்றால் வெறும் எரிவு, அணைவு போதாது. வைஃபையும் 4ஜியும் பயன்படுத்தும் ஓஎஃப்டிஎம் முறையை ஒளிக்கும் கொண்டுவந்தார்கள். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் பிட்டுகளைப் பிரித்து ஏற்றும் முறை அது. ஆனால் அந்தச் சமிக்ஞை பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடும். வெளிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகாதே! ஆகவே மொத்தச் சமிக்ஞையையும் மேலே தூக்கி வைத்து, அதாவது ஒரு நிலையான வெளிச்சத்தின் மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். அறைக்கு எப்படியும் வெளிச்சம் வேண்டும் என்பதால் அந்த நிலையான பகுதி வீணாகவில்லை. ரேடியோப் பொறியாளருக்கு நஷ்டமாகத் தெரியும் ஒன்று இங்கே விளக்காகப் பயன்படுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

போட்டோடயோடு இல்லாமல் செல்போன் கேமராவையே உணரியாக்கும் ஒரு கிளையும் உண்டு. கேமரா நொடிக்கு 30 படம்தானே எடுக்கும், அதில் என்ன செய்தி வாங்க முடியும் என்று தோன்றும். ஆனால் போன் கேமரா ஒரு படத்தை ஒரே வீச்சில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. வாசித்து முடிக்க 20 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு நொடிக்கு 2,000 தடவை துடித்தால், அந்த 20 மில்லி நொடிக்குள் 40 தடவை எரிந்து அணையும். படத்தில் அது 40 கருப்பு வெள்ளைப் பட்டைகளாகப் பதிவாகும். பட்டைகளின் அகலத்தை மாற்றி மாற்றிச் செய்தி அனுப்பலாம். மலிவான எல்இடி பல்பின் பக்கத்தில் போன் கேமராவைக் கொண்டுபோனால் திரையில் இரண்டு மூன்று கருப்புப் பட்டைகள் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதில் செய்தி எதுவும் இல்லை, மின்சாரத்தின் 100 ஹெர்ட்ஸ் துடிப்புதான். எட்டப் போனால் மறையும், பக்கத்தில் போனால் தெரியும். வெளிச்சம் அதிகமானால் கேமரா ஒவ்வொரு வரிக்கும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறைத்துவிடுவதுதான் காரணம். இந்த வழியில் வேகம் நொடிக்குச் சில ஆயிரம் பிட் அளவில்தான் கிடைக்கும். ஆனால் விளக்கு தன் அடையாள எண்ணைச் சொல்ல அது தாராளம். 2015-ல் பிரான்சின் லீல் நகரத்தில் ஒரு கார்ஃபூர் கடையில் பிலிப்ஸ் நிறுவனம் இப்படித்தான் கூரை விளக்குகளை வைத்தது. போன் எந்த விளக்கின் கீழ் இருக்கிறது என்று தெரிந்தால், எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று காட்டிவிடலாம். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாக எட்டாது என்பதால் இதற்கு உண்மையான தேவை இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சாதாரணக் கேள்வி பாக்கி இருக்கிறது. கூரை விளக்கு போனுக்கு அனுப்பும், சரி. போன் எப்படிக் கூரைக்குத் திருப்பி அனுப்பும்? முகத்துக்கு நேரே டார்ச் அடித்துக்கொண்டு யாரும் வீடியோ பார்க்க மாட்டார்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் இணையமும் போய்விடுமா? இரண்டுக்கும் பதில் அகச்சிவப்புதான். 2023-ல் வெளியான 802.11பிபி என்ற தரநிலை, வைஃபை குடும்பத்துக்குள்ளேயே ஒளித் தொடர்பைச் சேர்த்துக்கொண்டது. அது எடுத்துக்கொண்ட அலைநீளம் 800-லிருந்து 1,000 நானோமீட்டர், முழுக்க அகச்சிவப்பு. வெளிச்சம் தரும் விளக்கே செய்தியும் அனுப்பும் என்ற அழகிய எண்ணத்திலிருந்து இது ஓரடி விலகல்தான், ஆனால் எனக்கு இது விவேகமான முடிவாகவே படுகிறது.

ஒளி சுவரைத் தாண்டாது என்பதைக் குறையாகவும் சொல்லலாம், பலமாகவும் சொல்லலாம். பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதல் இல்லை. தெருவில் நின்று யாரும் ஒட்டுக்கேட்பது கடினம், சன்னலையும் கதவிடுக்கையும் மட்டும் மறந்துவிடக் கூடாது. ராணுவ அலுவலகங்களும், ரேடியோ அலைகளைத் தவிர்க்க வேண்டிய தொழிற்கூடங்களும் இதில் அக்கறை காட்டுவது அதனால்தான். சாதாரண வீட்டில் வைஃபை இருக்கிற இடத்தில் இதைக் கொண்டுவந்து வைப்பதற்கு எனக்குப் பெரிய நியாயம் தெரியவில்லை.

அறைக்கு வெளியே

ரேடியோவும் கேபிளும் திணறும் இடங்களில்தான் ஒளி தன் மதிப்பைக் காட்டுகிறது. காங்கோ ஆற்றின் இரு கரைகளில் பிரஸ்ஸவில், கின்ஷாசா என இரண்டு தலைநகரங்கள் எதிரெதிரே இருக்கின்றன. நடுவே 5 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். ஆனால் ஆறு ஆழமும் வேகமும் மிக்கது. ஃபைபர் கேபிள் போட வேண்டும் என்றால் 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் தாரா திட்டம் இரு கரையிலும் கருவிகளை உயரத்தில் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத லேசர் கற்றையை ஆற்றின் குறுக்கே செலுத்தியது. 2021-ல் அவர்கள் சொன்ன கணக்கு, நொடிக்கு 20 கிகாபிட் வரை, 20 நாளில் ஏறத்தாழ 700 டெராபைட். ஆல்ஃபபெட்டின் எக்ஸ் என்ற ஆய்வுக்கூடம் அதற்கு முன்பே, 2017-ல், ஆந்திர அரசின் ஃபைபர்நெட் நிறுவனத்தோடு 2,000 ஒளி இணைப்புகளுக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. கேபிள் புதைக்கக் கடினமான ஊர்களை எட்டுவதுதான் அங்கும் நோக்கம்.

இங்கே எதிரி மூடுபனி. மழையை விட மூடுபனி மோசம் என்பது முதலில் விந்தையாக இருக்கும். மழைத்துளி மில்லிமீட்டர் கணக்கில் பெரியது, எண்ணிக்கையில் குறைவு. மூடுபனித் துளி சில மைக்ரோமீட்டர்தான், ஏறத்தாழ லேசரின் அலைநீளத்தை ஒட்டிய அளவு, எண்ணிக்கையோ கணக்கற்றது. ஒளியைச் சிதறடிக்க இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது. அடர்ந்த மூடுபனியில் ஒரு கிலோமீட்டருக்கு 100 டெசிபெலுக்கு மேல் இழப்பு வரும். அதாவது அனுப்பிய ஒளியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குகூட அந்தப் பக்கம் சேராது. மேலும் கட்டடங்கள் வெயிலில் விரியும், கம்பங்கள் காற்றில் ஆடும், சூடான காற்று கற்றையை அலைக்கழிக்கும். அனுப்பும் கருவிக்குள் சின்னக் கண்ணாடிகள் ஓயாமல் அசைந்து கற்றையை இலக்கில் பிடித்து வைத்துக்கொண்டிருக்கின்றன.

கடலுக்கடியில் கதை வேறு. உப்பு நீர் ரேடியோ அலைகளைச் சீக்கிரமே விழுங்கிவிடும். ஒலி வெகுதூரம் போகும், ஆனால் நொடிக்கு 1,500 மீட்டர்தான், அதில் ஏற்றக்கூடிய செய்தியும் கொஞ்சம். நீலமும் பச்சையும் மட்டும் கடல்நீரில் ஓரளவு ஊடுருவும், சிவப்பு சில மீட்டரிலேயே மறைந்துவிடும். ஆகவே ஆளில்லா நீர்மூழ்கிகள் ஒன்றோடொன்று பேச நீலப் பச்சை ஒளியைப் பயன்படுத்தும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது. தெளிந்த நீரில் பல பத்து மீட்டர் தூரத்துக்கு வீடியோவே அனுப்பலாம். துறைமுகத்தின் கலங்கிய நீரில் அந்தத் தூரம் சுருங்கிவிடும்.

விண்வெளியில் மூடுபனி இல்லை, கலங்கலும் இல்லை, தூரம் மட்டும்தான். நாசாவின் சைக்கி விண்கலம் 2023 அக்டோபரில் கிளம்பியபோது ஒரு லேசர் தொடர்புக் கருவியையும் எடுத்துப் போனது. அந்த டிசம்பரில், நிலவின் தூரத்தைப் போல ஏறத்தாழ 80 மடங்கு, அதாவது 3 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஒரு பூனை லேசர் புள்ளியைத் துரத்தும் வீடியோவை நொடிக்கு 267 மெகாபிட் வேகத்தில் பூமிக்கு அனுப்பியது. வந்து சேரச் சுமார் 100 நொடி. ரேடியோக் கற்றை அவ்வளவு தூரம் வருவதற்குள் பூமியை விடப் பல மடங்கு அகலமாக விரிந்துவிடும். அலைநீளம் மிகச் சிறியது என்பதால் லேசர் கற்றை சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்குள் நிற்கும். அனுப்பிய திறனில் அதிகப் பங்கு தொலைநோக்கிக்குள் விழும். ஆனால் அத்தனை குறுகிய கற்றையைப் பூமி இப்போது இருக்கும் இடத்துக்குக் குறிவைத்தால் பயனில்லை. ஒளி வந்து சேரும் அந்த 100 நொடிக்குள் பூமி 3,000 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும், ஆகவே அது இருக்கப்போகும் இடத்துக்குக் குறிவைக்கிறார்கள். கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 5 மீட்டர் தொலைநோக்கி அந்த ஒளியைத் துகள் துகளாக எண்ணி வாங்கியது. மலைக்கு மேலே மேகம் கூடினால் வாங்க முடியாது. ஆகவே ஒன்றில் மேகம் இருந்தாலும் இன்னொன்றில் வானம் தெளிந்திருக்கும்படி, வெவ்வேறு வானிலை உள்ள பல ஊர்களில் தொலைநோக்கி நிலையங்களை வைப்பதே இப்போதைய திட்டம்.